பாறையின் மேல் நின்ற கூடாரம்

பவளம் சர்க்கஸுக்குப் புதுக் கூடாரம் வந்திருக்கிறது. பட்டனைத் தட்டினால் மோட்டார் ஓடுகிறது, கம்பி வடம் சுற்றிக்கொள்கிறது, கூடாரம் தானாக எழுந்து நிற்கிறது. முதலாளி உண்ணி போன மாதம் அதைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினார். பின்னாலேயே கூப்பிட்டார்.

“மாதையண்ணே, பாத்தீங்களா?”

“பாத்தேன் தம்பி. சாப்பாட்டுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருமாட்டம் இருக்குது.”

“முடிஞ்சிருது. பழைய கூடாரத்தை எப்படித்தான் தூக்குனீங்கன்னு இங்க இருக்கறவங்க கேக்கறாங்க. தர்மபுரியில பாறை மேல நிறுத்துனதைச் சொன்னேன். கதை விடறேன்னு சிரிக்கறாங்க. நீங்களே எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா நம்புவாங்க.”

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் கேட்டவர் உண்ணி. கேட்ட விஷயமோ, என் ஆயுசில் நான் அதிகமாகப் பயந்ததும் அதிகமாகச் சிரித்ததுமான ஒரே நாளைப் பற்றியது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். பவளம் சர்க்கஸ் தர்மபுரிக்கு வந்திருந்தபோது, கூடாரம் பிரிக்க ஆள் போதவில்லை என்று எங்கள் ஊரில் நாலைந்து பேரைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். பிரித்ததை லாரியில் ஏற்றினோம். சேலத்தில் இறக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள், ஏறிக்கொண்டேன். ஒரு நாள் கூலிக்குப் போனவன் தலை நரைத்த பிறகுதான் திரும்பி வந்தேன். முதல் சில வருஷம் முளை அடித்தேன், கயிறு இழுத்தேன், திட்டு வாங்கினேன். அப்புறம் கூடாரத்துக்கே நான்தான் மேஸ்திரி.

அது குடும்பம் நடத்திய சர்க்கஸ். அப்போது முதலாளி உண்ணியின் அப்பா லட்சுமணன். அவருடைய அப்பா மலபார் பக்கம் ஒரு ஊரில் பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தன் ஐந்து பிள்ளைகளையும் ஒரு சைக்கிளையும் வைத்துக் கோயில் திருவிழாக்களில் ஆட்டம் காட்ட ஆரம்பித்தாராம். அப்போது கூரையே கிடையாது. சுற்றிலும் சீலை மறைப்பு, மேலே வானம். மழை வந்தால் சனம் குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். லட்சுமணன் சின்ன வயதில் கொக்குக்கால் என்கிற உயரக் கட்டைகளில் ஏறித் தெருத்தெருவாக நடந்து ஆட்டத்துக்கு ஆள் கூப்பிட்டவர். முதலாளி ஆன பிறகும் கொடியில் துணி காயப்போட அந்தக் கொக்குக்காலில்தான் ஏறுவார்.

கூடாரம் என்றால் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். முதலில் மைதானத்தின் நடுவில் ஒரு முளை. அதில் கயிறு கட்டி ஆட்ட வளையத்துக்கு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்கு வெளியே நாலு நடுக்கம்பம். ஒவ்வொன்றும் தென்னை மர உயரம், இரும்பு. ஊஞ்சல் ஆடுகிறவர்களின் உயிர் இந்த நாலு கம்பத்தில்தான் தொங்குகிறது. அதற்கும் வெளியே கூடாரத்தின் ஓரம் முழுக்க, ஆள் நீளத்துக்கு ஒன்றாக இரும்பு முளைகள். ஒரு முளையைச் சுற்றி ஐந்து பேர் சம்மட்டியோடு நிற்போம். ஒருத்தன் அடித்து எடுப்பதற்குள் அடுத்தவன் அடி விழும். கை தப்பாது, பேச்சும் இருக்காது. முளை இறங்க இறங்கச் சத்தம் மாறும். நல்ல மண் என்றால் சத்தம் மெத்தென்று கேட்கும். அந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கலாம். எல்லாம் அடித்து முடிந்த பிறகு தரையில் கிடக்கும் படுதாவைக் கப்பி போட்டு எல்லோருமாக இழுப்போம். அவ்வளவு பெரிய துணி காற்றை வாங்கி மெல்ல எழுந்திருக்கிறதைப் பார்க்க, எனக்குக் கடைசி வருஷம் வரைக்கும் அலுக்கவே இல்லை.

கூடாரத்துக்கு மேல் அதிகாரி முதலாளி இல்லை, அவர் மனைவி சாவித்திரியம்மா. கல்யாணத்துக்கு முன்பே கம்பி மேல் நடந்தவர். உண்ணி பிறந்ததும் கம்பியை விட்டு இறங்கினார், ஆனால் கூடாரத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் கயிறும் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. சின்னப் பெண்ணாக வேறொரு கம்பெனியில் இருந்தபோது, ஆள் உட்காரும் காலரி பலகையோடு சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். ஆனால் எந்த ஊரிலும் காலரி கட்டி முடிந்ததும் முதல் ஆளாக அவர்தான் ஏறி உட்காருவார். கையில் டிபன் டப்பா இருக்கும். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று இடம் மாறி மாறி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்போம். டப்பாவை மூடினார் என்றால் காலரி தேறியது. மூடாமல் இறங்கினார் என்றால் எங்கோ ஒரு முடிச்சு சரியில்லை, கண்டுபிடிக்கிற வரைக்கும் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. சத்தம் போட மாட்டார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். நீளமாக ஒன்று ஊதினால் ஆட்டம் நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் மேலே இருப்பவர்கள் இறங்க வேண்டும். மூன்று ஊதினால் பக்கச் சீலையை எல்லாப் பக்கமும் சுருட்டித் தூக்க வேண்டும், காற்று உள்ளே புகுந்து வெளியே போக. அந்த மூன்றாவதை நான் அதுவரை ஒத்திகையில் மட்டுமே கேட்டிருந்தேன்.

இப்போது தர்மபுரிக்கு வருகிறேன்.

சிங்கம், புலி, கரடி எல்லாம் சட்டப்படி சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்த காலம். ‘மிருகம் இல்லாத சர்க்கஸா?’ என்று சனம் டிக்கெட் கவுண்டர் வரை வந்து திரும்பிப் போயிற்று. மூன்று ஊர் தொடர்ந்து காலரி காலி. வழக்கமாக ஒரு ஊரில் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே அடுத்த ஊரில் இடம் பிடித்துவிடுவோம். தர்மபுரிக்கு வந்தபோது முதலாளி அடுத்த ஊர் பார்க்க யாரையும் அனுப்பவில்லை. கேட்டதற்கு, “இங்கயும் ஆள் வரலைன்னா கூடாரத்தை வித்துடலாம் மாதையா. அப்பா கட்டுனதை நான் கடன்ல முடிக்க விரும்பலை” என்றார். எண்பது பேருக்கு மேல் அந்தக் கூடாரத்தை நம்பி இருந்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பழைய மைதானத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பென்னாகரம் ரோட்டில் ஒரு காலி இடம்தான் கிடைத்தது. மேலே புல் பச்சையாக இருந்தது. முதல் முளையை நிறுத்தி ஐந்து பேரும் ஒரு சுற்று அடித்ததும், ‘ணங்’ என்றது. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே ஒரே பாறை. இருபது அடி தள்ளி அடித்தோம், ணங். மேற்கே போய் அடித்தோம், முளை வளைந்தது. வெள்ளிக்கிழமை ஆரம்பம் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியாயிற்று. வேறு இடமும் கிடையாது.

சாவித்திரியம்மா வளைந்த முளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இது உன் ஊர் அல்லவா மாதையா? இங்க கல்லைப் பத்தித் தெரிஞ்சவர் யாரு?”

எனக்குத் தெரிந்த ஒரே ஆள் என் மச்சான் முனிரத்தினம், என் மனைவி சரசுவின் அண்ணன். காரிமங்கலம் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் மேஸ்திரி. எங்கள் கல்யாணத்துக்கே கடைசி வரை முறுக்கிக்கொண்டு நின்றவர். “நாளைக்கு எந்த ஊர்ல இருப்பேன்னு அவனுக்கே தெரியாது, அவனுக்குப் பொண்ணா?” என்றவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட சர்க்கஸ் பார்க்க வந்ததில்லை. என் வேலைக்கு அவர் வைத்த பேர், துணி காயப்போடற வேலை.

போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். மச்சான் ரொம்ப நேரம் சிரித்தார்.

“கல்லு மேல துணி காயப்போடறதுக்கு எதுக்கு மாப்ள முளை? நாலு மூலையில கல்லைத் தூக்கி வெச்சாப் போச்சு.”

“வெளையாடாதீங்க மச்சான். காத்து அடிச்சா அது பத்து லாரியை இழுக்கற துணி.”

“நானும் வெளையாடலை” என்றார். குவாரியில் ஒதுக்கிப் போட்ட கற்களைக் காட்டினார். விரிசல் விட்டதால் விலை போகாத கருங்கல் துண்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு எருமை மாடு படுத்திருக்கிற அளவு. “இதை யாரு இழுக்கறதுன்னு பாத்துரலாம்.”

குவாரி முதலாளி நல்ல மனுஷன். கல்லுக்குக் காசு வேண்டாம், ஆட்டம் முடிந்ததும் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும், முதல் ஆட்டத்தைக் குவாரி ஆட்கள் குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்றார். லட்சுமணன் முதலாளி ஒரு நொடி யோசிக்கவில்லை. “முதல் ஆட்டமே அவங்களுக்குத்தான்” என்றுவிட்டார்.

கம்ப்ரஸர் வண்டி வந்து பாறையில் துளை போட்டது. நாலு நடுக்கம்பத்துக்கும் அந்தத் துளைகளில் இரும்பை இறக்கிக் கம்பி வடம் கட்டினோம். ஓரக் கயிறுகளுக்கெல்லாம் துளை போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதற்குத்தான் கல். லாரி லாரியாக வந்து இறங்கியது. கயிற்றைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தோம். சாவித்திரியம்மா வந்து கல்லின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கையை என்னிடம் காட்டினார், மெல்லிசாக ஒரு கோடு, அதில் ரத்தம்.

“என் கையை அறுத்தது உன் கயிறை விட்டு வைக்குமா?”

பழைய லாரி டயரை வெட்டி ஒவ்வொரு விளிம்புக்கும் மெத்தை வைத்தோம். அப்புறம் ஒரு கல்லை லாரியில் கட்டி இழுக்கச் சொன்னார். லாரிச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது, கல் அசையவில்லை. மச்சான் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, “போதுங்களா அம்மா?” என்றார். சாவித்திரியம்மா டிபன் டப்பாவோடு காலரியில் ஏறினார். அன்றைக்கு உப்புமா. முழுசாகச் சாப்பிட்டு டப்பாவை மூடினார். நாங்கள் மூச்சு விட்டோம்.

வெள்ளிக்கிழமை பகல் ஆட்டம். குவாரி ஆட்கள் லாரிகளில் வந்து இறங்கினார்கள். பெண்கள் தலை நிறையப் பூ. பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை. தமிழ் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம், கன்னடம் ஒரு பக்கம் என்று கூடாரம் கலகலத்தது. என் மனைவி சரசு முதல் வரிசையில் தன் அண்ணி அலமேலுவோடு உட்கார்ந்திருந்தாள். மச்சான் மட்டும் உள்ளே வரவில்லை. “கல்லைப் பாத்துக்கறேன்” என்று வெளியே ஒரு துண்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். வீம்பு.

சைக்கிள் ஆட்டம் முடிந்து, உண்ணியும் மற்றவர்களும் ஊஞ்சலுக்கு மேலே ஏறியிருந்தார்கள். மேற்கே வானம் கறுத்ததை நான் வெளியே நின்று பார்த்தேன். கோடை மழை. சொல்லி முடிப்பதற்குள் புழுதி எழும்பியது, பின்னாலேயே காற்று, அதன் பின்னாலேயே ஆலங்கட்டி. படுதாவின் மேல் சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரிச் சத்தம்.

உள்ளே விசில் நீளமாக ஒன்று. உடனே இரண்டு. உண்ணியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வலையில் விழுந்து இறங்கினார்கள். அடுத்து மூன்று. நாங்கள் ஓடி ஓடிச் சீலையைச் சுருட்டினோம். காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் பாய்ந்தது. கூடாரம் கொஞ்சம் தணிந்தது.

அப்போது மேற்குப் பக்கத்திலிருந்து மச்சான் கத்தினார். “மாப்ள, கல்லு நகருது.”

போய்ப் பார்த்தேன். பாறையின் மேல் இருந்த ஒரு சாண் மண் மழையில் சேறாகிவிட்டது. அந்தச் சேற்றின் மேல் இரண்டு கற்கள், ஒவ்வொரு காற்றுக்கும் விரல் அளவு கூடாரத்தை நோக்கி வழுக்கின. அந்தப் பக்கக் காலரியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

ஓடிப்போய் சாவித்திரியம்மாவிடம் சொன்னேன். வெளியே இடி, ஆலங்கட்டி, ஒதுங்க ஒரு மரம் இல்லாத பாறை. அங்கே யாரையும் அனுப்ப முடியாது. அவர் நாலு நடுக்கம்பத்தையும் ஒரு பார்வை பார்த்தார். அவை துளையில் இறங்கிய இரும்பில் நிற்கின்றன, அசையவில்லை. மைக்கில் பேசினார். அவர் குரல் எப்போதும் போலவே இருந்தது.

“இனி அடுத்த ஆட்டம். இதை நீங்க ஆடணும். எல்லாரும் பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கிட்டு மெதுவா வளையத்துக்குள்ள வாங்க. முதல்ல மேற்குப் பக்கம்.”

ஜோக்கர் ராஜப்பன் உடனே புரிந்துகொண்டார். வளையத்தின் ஓரத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் வைத்து, “வாங்க வாங்க, புது ஆர்ட்டிஸ்டு” என்று வரவேற்றார். சனம் சிரித்துக்கொண்டே வந்தது. மரத்தூள் பரப்பிய வட்டத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள், உள்ளே கொள்ளாதவர்கள் வட்டத்தை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கும் அடிபடவில்லை, ஒரு பிள்ளையும் தொலையவில்லை.

குவாரி ஆண்கள் என்னோடு வெளியே வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. மச்சான் ஏற்கெனவே சேற்றில் முழங்காலில் நின்றார்.

“சாக்கு இருக்குதா மாப்ள? மரத்தூள் வந்த சாக்கு? எல்லாத்தையும் கொண்டா.”

நாலு கடப்பாரை கல்லுக்கு அடியில் போயிற்று. “ஏலேலோ” என்று ஒரு குரல், கல் ஒரு விரல் எழும்பியது. அந்த இடைவெளியில் சேற்றை வழித்து, சாக்கை மடித்துத் திணித்து, முன்பக்கம் கல் சக்கையை முட்டாகச் செருகினார்கள். அடுத்த காற்று வந்தது. கல் முனகியது, நகரவில்லை. அப்புறம் மூன்றாவது கல், நாலாவது கல். ஆலங்கட்டி முதுகில் விழ விழ, மேற்குப் பக்கம் முழுவதையும் அப்படியே செய்துகொண்டு போனோம்.

சீலை சுருட்டியிருந்ததால் உள்ளே நடப்பது எனக்குத் தெரிந்தது. அதை நான் எப்படி எழுதுவது? கிழக்குக் காலரியில் ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஜிகினா உடுப்போடு உண்ணி, சைக்கிள் பெண்கள், கொக்குக்காலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு லட்சுமணன் முதலாளி. வளையத்தில் சனம். ராஜப்பன் காலரியில் கடலை விற்கிறவர் மாதிரி நடந்துகொண்டே, “என்னங்க, காசு குடுத்து வந்திருக்கோம். அந்த மஞ்சச் சேலை அக்கா எப்பக் கம்பியில ஏறுவாங்க? சும்மாவே உக்காந்திருக்காங்க” என்று புலம்புகிறார்.

மஞ்சள் சேலை என் மச்சானின் மனைவி அலமேலு. இருபது வருஷம் குவாரியில் கல் சுமந்தவள். சட்டென்று எழுந்தாள்.

“கம்பியெல்லாம் தெரியாது. அந்தக் கொடத்தைக் குடு இங்க.”

வித்தைக்கு வைத்திருந்த பித்தளைக் குடங்கள். ஒன்றைத் தலையில் வைத்தாள். அதன் மேல் இன்னொன்று. ராஜப்பன் மூன்றாவதை நீட்டினார். அதையும் வாங்கி வைத்தாள். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் கால் வைத்து வைத்து, வளையத்தை ஒரு சுற்று வந்தாள். வெளியே இடி இடித்தது. அவள் கழுத்து அசையவில்லை. திரும்பி வந்து, குடத்தை இறக்காமலே குனிந்து ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

காலரியில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஐம்பது வருஷம் கைதட்டல் வாங்கிய குடும்பம் அன்றைக்குக் கொடுத்தது. முதலாளி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். நான் மழையில் நின்று அழுதேனா சிரித்தேனா, தெரியாது. திரும்பி, “மச்சான், அங்க பாருங்க” என்றேன். அவர் கடப்பாரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு, “கல்லைப் பாரு மாப்ள” என்றார். தன் பெண்டாட்டி ஆடிய ஒரே ஆட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் அதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கோடை மழை வந்த வேகத்தில் போய்விட்டது. சனம் காலரிக்குத் திரும்பியது, ஊஞ்சல் ஆட்டம் வேண்டும் என்று கூச்சல். சாவித்திரியம்மா கை காட்டி அடக்கினார். நாலு கம்பத்தின் வடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டார். வலையின் ஓரத்தை விரலால் எண்ணுகிற மாதிரித் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். ஊஞ்சல் கட்டையை இறக்கச் சொல்லி, தன் முந்தானையால் துடைத்து, தானே அதில் தொங்கிப் பார்த்தார். எனக்கே பொறுமை போய்விட்டது.

“அம்மா, சனம் காத்திருக்குது.”

“காத்திருக்கட்டும். மேலே போறது என் பிள்ளை மட்டும் இல்லை, நாலு வீட்டுப் பிள்ளைங்க.”

அவ்வளவுக்கும் பிறகு தலையை அசைத்தார். உண்ணி பறந்தார். அப்படி ஒரு ஆட்டம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மச்சான் சேற்றுக் காலோடு உள்ளே வந்து, கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். முடிந்ததும் என்னைப் பார்த்து, “இதுக்காடா நீ வூட்டை வுட்டுட்டு ஓடுன?” என்றார்.

“ஆமாங்க மச்சான்.”

“சரிதான்” என்றார்.

குவாரி ஆட்கள் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காரிமங்கலத்திலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆள் வந்தது. மழை வருமா, எங்களையும் வளையத்தில் உட்கார வைப்பீர்களா என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டார்கள். மழை வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆட்டத்தில் சனத்தை வளையத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார் முதலாளி. பவளம் சர்க்கஸில் இன்றைக்கும் அது உண்டு.

திங்கட்கிழமை காலையில் நான் முளைகளை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மாதையா, குளிச்சிட்டுக் கிளம்பு. அடுத்த ஊர் பாத்துட்டு வா.”

எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தேன். “எந்தப் பக்கங்க?”

“ஓசூர் பக்கம் போ. எந்த ஊரா இருந்தாலும் சரி. கடப்பாரையை எடுத்துக்கிட்டுப் போ.”

கடப்பாரையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்றார்.

“ஓசூருக்கு ஒண்ணு குடுங்க” என்றேன். “வழியில நல்ல மண்ணாத் தெரிஞ்சா அங்கயே எறங்கிக்கறேன்.”